தாயின் பெயர் எழுதும் இடம்

இந்தியாவின் அகதி முகாமில் இருந்து சொந்த ஊரான வங்காலைக்குத் திரும்பி மூன்று மாதம். என் அடையாள அட்டைக்கு ஞானஸ்நானப் பத்திரம் வேண்டியிருந்தது.

"நீ மினக்கெடாத பிள்ளை, கோயிலுக்கு நான் போறன்" என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றா. முழங்கால் வலியெண்டு பூசைக்கே போகாத மனுசி! ஏதோ இருக்கு என்று நானே போனேன்.

சுவாமியார் பழைய பதிவுக் கொப்பியை விரித்தார். தாய் என்ற இடத்தில் நான் கேள்விப்படாத ஒரு பெயர். அம்மாவின் பெயர் அதற்குக் கீழே, ஞானத்தாய் என்ற இடத்தில்.

வீட்டில் அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தா. பத்திரத்தை நீட்டி, "ஆரம்மா இவ?" என்றேன். கத்தி நின்றது.

"என்ர சிநேகிதி. நீ பிறந்து நாப்பதாம் நாள் காய்ச்சலில போயிட்டாள். கொப்பர் அதுக்கு முதலே கடலோட போனவர். தாய் இல்லாட்டி ஞானத்தாய்தானே தாய்? இந்தியாவில போய் இறங்கேக்க அதிகாரி 'புள்ள யாரோடது' எண்டு கேட்டான். என்ர எண்டன். அப்பிடியே எழுதிப்போட்டான்."

அந்த ஒரு சொல்லில்தான் இருபது வருசம் நான் வளர்ந்திருக்கிறேன்.

"கிழிச்சுப் போடு. கொப்பி சண்டைக்க செல் விழுந்து எரிஞ்சதெண்டு சொல்லுவம்."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துக்க மறைக்கேலுமோ அம்மா?"

"மறைச்சுத்தானே இவ்வளவு நாளும் உனக்குச் சோறு தீத்தினனான்!" சிரிக்கத் தொடங்கியவவின் முகம் கோணியது. "அவளின்ர பேரை எழுதினா நான் உனக்கு ஆர், பிள்ளை?"

பெற்றவளுக்கு இந்த ஊரில் கல்லறைச் சிலுவைகூட மிஞ்சவில்லை. பெயராவது இருக்க வேணும் என்று முடிவெடுத்தேன். வளர்த்தவளையும் விடமாட்டேன். வரமாட்டன் என்றவவை அடுத்தநாள் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன்.

கிராம அலுவலர் விதானையாரின் கந்தோரில் பெற்றவளின் பெயரை எழுதிக் கொடுத்தேன். அவர் அம்மாவைத் தாயென்று போட்டிருந்த முகாம் அட்டையையும் படிவத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்தப் பிள்ளை உங்களுக்கு ஆர், அம்மா?"

அன்றைக்கு அதிகாரிக்கு உடனே சொன்ன மனுசி, இன்றைக்கு என் முகத்தைப் பார்த்தா.

"சொல்லுங்கோ அம்மா. அண்டைக்குச் சொன்னதையே சொல்லுங்கோ."

"என்ர" என்றா, மெல்ல. பிறகு குரலை உயர்த்தி, "அவளும் நானும் சேர்ந்து பெத்தனாங்கள். எழுதும் தம்பி!"

விதானையார் பேனையைத் திறந்தார்.