ஒரு மதியச் சாப்பாட்டின் கரிமத் தடம்

பொருள்களின் கரிமத் தடத்தைக் கணக்கிடுவது என் வேலை. ஒரு பொருள் உருவாகும் இடத்தில் தொடங்கி, லாரி, கப்பல், கடை, வீடு என்று கடந்து குப்பைக்குப் போகும் வரை அதனால் எவ்வளவு கரியமில வாயு காற்றில் கலக்கிறது என்று பார்க்க வேண்டும். பெயின்ட், கேபிள், அலுவலக நாற்காலி எல்லாம் பார்த்திருக்கிறேன். சாப்பாட்டைத் தொட்டதில்லை. தொட வைத்தவர் என் மனைவியின் அண்ணன்.

மச்சானும், நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவியும் புக்கிட் மேரா வட்டாரத்தில் சின்னதாக ஒரு கேட்டரிங் சமையற்கூடம் நடத்துகிறார்கள். சென்ற ஆண்டு ஒரு பெரிய நிறுவனம் தன் ஊழியர்களுக்குச் சைவச் சாப்பாடு கொடுக்க ஆள் தேடியது. சாப்பாட்டின் கரிமத் தடத்தையும் சொல்ல வேண்டும் என்பது நிபந்தனை. அந்த ஞாயிற்றுக்கிழமையே மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

“மாப்ள, நம்மகிட்ட கறி கிடையாது, மீன் கிடையாது. கார்பன் எங்கேருந்து வரும்? ஜீரோன்னு போட்டுடலாம்லா.”

அப்படிப் போட முடியாது என்று புரியவைக்கவே ஒரு காப்பி ஆயிற்று. சரி, அப்படியென்றால் கடல் தாண்டி வரும் பருப்புதான் குற்றவாளி என்றார். கப்பல் ஒரே நடையில் மலைபோல் சரக்கு ஏற்றி வருவதால் ஒரு கிலோவுக்கு விழும் பங்கு கொஞ்சம்தான் என்றேன். அரிசிக்குத்தான் கூட. தண்ணீர் கட்டிய வயலின் சேற்றிலிருந்து மீத்தேன் வாயு கிளம்புகிறது. இதைக் கேட்டு மச்சான் நான் விளையாடுகிறேன் என்று நினைத்தார்.

அடுத்த வாரம் இரண்டு பேரும் தேக்கா சந்தையில் அவர் வழக்கமாகக் காய்கறி வாங்கும் கடைக்குப் போனோம். எது எங்கிருந்து, எதில் வருகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். பெரும்பாலானவை மலேசியாவிலிருந்து லாரியில் வந்தவை. முருங்கைக்காயிடம் வந்ததும் கடைக்காரர் முகம் மலர்ந்தது. தமிழ்நாட்டில் பறித்து உடனே விமானத்தில் ஏற்றிவிடுகிறார்களாம், அதனால்தான் இந்தப் பச்சையாம். விமானம் என்றதும் நான் மச்சானைப் பார்த்தேன். கப்பலைவிடப் பல மடங்கு அதிகம் என்று நான் சொல்லாமலே அவருக்குத் தெரிந்துவிட்டது. முருங்கைக்காய்ச் சாம்பாருக்காகவே அவரைத் தேடி வருகிறவர்கள் உண்டு.

மலேசிய முருங்கையில் நார்தான் இருக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டே ஒரு கட்டு வாங்கினார். சமையற்கூடத்தில் அடுப்பைக் குறைத்து இன்னும் கொஞ்ச நேரம் வேகவைக்கச் சொன்னார். ருசி பார்த்தார். மறுநாளும் அதையே வாங்கினார்.

கடைசியாகக் குப்பை. வீணாகும் சோற்றோடு வயல், லாரி, அடுப்பு எல்லாமே வீணாகிறது என்பதால் அதையும் எடைபோட வேண்டும். டோபி காட் பகுதியில் மச்சான் ஏற்கெனவே சாப்பாடு கொடுத்துவந்த ஓர் அலுவலகத்தில் அனுமதி வாங்கி, குப்பைத் தொட்டியருகே சோற்றுக்கு ஒன்று, குழம்புக்கு ஒன்று, பொரியலுக்கு ஒன்று என்று வாளிகளை வைத்தோம். மச்சான், அக்கா, நான் மூன்று பேரும் ஓரமாக நின்றோம்.

குழம்பு வாளி ஏறக்குறைய காலி. சோறு கொஞ்சம் விழுந்தது. பொரியல் வாளி நிரம்பிக்கொண்டே போனது. அத்தனையும் முட்டைக்கோஸ். மற்றதையெல்லாம் சமையல்காரர்களிடம் விடும் மச்சான், முட்டைக்கோஸ் பொரியலை மட்டும் தன் கையாலேயே செய்வார்.

தட்டை வழித்துக்கொண்டிருந்த ஓர் இளம்பெண்ணிடம், தான் யார் என்று சொல்லாமல், நன்றாக இல்லையா என்று கேட்டார்.

“நல்லாதான் இருக்கு அங்கிள். ஆனா எவ்ரிடே முட்டைக்கோஸ்தான்.”

வேனில் திரும்பும்போது மச்சான் சாலையை மட்டுமே பார்த்து ஓட்டினார். அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தார். தோள் குலுங்குவதைப் பார்த்து அழுகிறாரோ என்று நான் பயந்தேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

“எத்தனை வருஷமா சொல்றேன், கேட்டீங்களா?” என்றார்.

சிவப்பு விளக்கில் வேன் நின்றது. மச்சான் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். பிறகு அவரும் சிரிக்க ஆரம்பித்தார். பின்னாலிருந்து ஹாரன் அடிக்கும் வரை சிரித்தார்.

பொரியல் தினம் ஒன்றாக மாறியது. பயற்றங்காய், கங்கோங் கீரை, பூசணி, எல்லாம் பக்கத்திலிருந்தே வருபவை. சோற்றை அளவாக வைத்து, வேண்டுபவர்கள் மறுபடி வாங்கிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். நான் மறுபடி கணக்குப் போட்டபோது தடம் நன்றாகவே இறங்கியிருந்தது. விமானத்தை நிறுத்தியதைவிட, வாளி காலியானதால் குறைந்ததே அதிகம். இத்தனை வருட வேலையில் ஒரு கணக்கு இப்படி என் கண்முன்னே இறங்கி நான் பார்த்ததில்லை. பெரும்பாலும் அறிக்கை கொடுப்பதோடு என் பங்கு முடிந்துவிடும்.

ஒப்பந்தம் கிடைத்த அன்று மச்சான் எங்கள் எல்லோரையும் ஓர் உணவங்காடிக்கு அழைத்துப் போனார். தோசையும், நுரை பொங்க ஆற்றிய பால் தேநீரான தே தாரேக்கும் வந்தன. வேறு யாரோ சமைத்ததை உட்கார்ந்து சாப்பிட்டு எவ்வளவு நாளாயிற்று என்றார் அக்கா. மச்சான் இன்னொரு தோசை வாங்க எழுந்துபோனார்.