பெரிய கிராணி கெஸ்ட் ஆனார்

லுக்குட்டுக்குப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்து ஆபீசில் எனக்கு வேலை. மம்பாவிலிருந்து தினமும் காரில் போய் வருகிறேன். காகிதத்தில் நடந்த காரியங்களையெல்லாம் தலைமையகம் ஒரு போன் ஆப்புக்குள் கொண்டுவந்தபோது, அதில் யாரைச் சேர்ப்பது, யாருக்கு எதைத் திறந்துவிடுவது என்ற பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் கம்ப்யூட்டர் படித்தவள் என்பதால் அல்ல. பயிற்சி நாளன்று முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டேன், அவ்வளவுதான்.

விதி எளிது. தோட்டத்தில் சம்பளம் வாங்குகிறவர் உறுப்பினர். லோரி குத்தகைக்காரர், உரம் விற்கிறவர் போன்ற வெளியாட்கள் எல்லாரும் கெஸ்ட். அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் ‘கெஸ்ட்’ என்று ஆப்பே எழுதிவிடும்.

எங்கள் ஆபீசின் தலைமை எழுத்தரை எல்லாரும் பெரிய கிராணி என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஓய்வு பெற்ற அதே வாரம் பழைய மேனேஜரும் மாற்றலாகிப் போனார்.

“புது மேனேஜர் சின்னப் பையனாம். தோட்டம் அவருக்குப் புதுசு. கொஞ்ச நாளைக்கு என்னை உள்ளயே வெச்சிரும்மா” என்றார் பெரிய கிராணி.

தலைமையகம் சம்மதித்தது. அவருடைய ஆபீஸ் கணக்கை மூடிவிட்டு, சொந்த மின்னஞ்சலைப் போட்டு கெஸ்டாகச் சேர்த்தேன். பெயர் இருக்குமிடத்தில் அடையாள அட்டையில் உள்ள முழுப்பெயர் ஏறியது. அது எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாத பெயர். படத்துக்குத் தம்பி மகள் கல்யாணத்தில் கோட்டும் டையுமாக நின்றதைக் கொடுத்தார். தலைமையகம் அமைத்துத் தந்தபடி கெஸ்டும் உறுப்பினரைப் போலவே எழுதலாம், அழிக்கலாம், சேனல் என்கிற தனிப் பேச்சுக் குழுவையும் புதிதாகத் தொடங்கலாம். அதை அப்போது யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

வீட்டில் சும்மா இருந்த மனிதருக்கு அது போதுமானதாக இருந்தது. காலையில் நான் காரை எடுப்பதற்குள் அவருடைய கட்டளைகள் வந்து விழும். ‘ஆபீஸ் பின்னால் உள்ள பலா மரத்தின் கிளைகளை வெட்டவும்.’ ‘எடை மேடைக் கொட்டகைக்குச் சாயம் அடிக்கவும்.’ ‘உரம் போடுவதை அடுத்த வாரத்துக்குத் தள்ளவும், மழை வரும்.’ புது மேனேஜர் ஒவ்வொன்றுக்கும் ‘உடனே செய்கிறோம்’ என்று பதில் போட்டார். அன்றைக்கே செய்தும் முடித்தார். வயதில் மூத்தவர்கள் மேல் இந்தக் காலத்துப் பிள்ளைக்கு இவ்வளவு மரியாதையா என்று நான் நெகிழ்ந்துபோயிருந்தேன்.

ஒரு நாள் மேனேஜர் என் மேசைக்கு வந்தார்.

“அக்கா, நாளைக்கு கெஸ்ட் வர்றாரு. லுக்குட்ல நல்ல பிரியாணியா சொல்லிருங்க. மீட்டிங் ரூமையும் கூட்டச் சொல்லுங்க.”

கோலாலம்பூரிலிருந்து யாரோ பெரியவர் வருகிறார் என்று நானும் எடுத்துக்கொண்டேன். பிரியாணிக்குச் சொன்னேன். மறுநாள் மேனேஜர் டை கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். அப்போது பெரிய கிராணியின் மோட்டார் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, மனைவி கொடுத்தனுப்பிய கறிபாப் டப்பாவோடு படியேறினார்.

மேனேஜர் அவரைத் தாண்டிச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அங்கிள், யாரைப் பாக்கணும்?”

“நீங்கதான சார் வரச் சொன்னீங்க.”

“நான் கெஸ்டைத்தான் வரச் சொன்னேன்.”

“நான்தான் கெஸ்ட்.”

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் பிரியாணிப் பொட்டலங்களைப் பார்த்தேன்.

“நீங்க கேஎல்லேர்ந்து வரலியா?”

“லோபாக்லேர்ந்து வர்றேன் சார். ஜாலான்ல வண்டி ஜாம் இல்ல, சீக்கிரம் வந்துட்டேன்.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பெயருக்குப் பக்கத்தில் இருந்த ‘கெஸ்ட்’டையும் அந்தக் கோட்டு டையையும் பார்த்துவிட்டு, தலைமையகம் தன்னைக் கண்காணிக்க அனுப்பிய ஆள் என்று இந்தப் பிள்ளை நினைத்திருக்கிறார். பயந்து பயந்துதான் எல்லாவற்றையும் செய்திருக்கிறார்.

“அப்ப அந்தப் பலா மரம்?” என்றார் மேனேஜர் மெதுவாக.

“இலை விழுந்து கூரைத் தண்ணி போற வழி அடைச்சிக்கும் சார். எத்தனையோ மேனேஜருக்குச் சொல்லிட்டேன். நீங்க ஒருத்தர்தான் கேட்டீங்க.”

இதைச் சொன்னபோது பெரிய கிராணியின் கண்ணில் அவ்வளவு நன்றி. மேனேஜர் அதைப் பார்த்தார். டையைத் தளர்த்திவிட்டு, “வாங்க சார், பிரியாணி ஆறுது” என்று உள்ளே கூட்டிப்போனார். தானே பரிமாறவும் செய்தார். தலைமையகத்து ஆள் என்று நினைத்த கதையை அவரிடம் கடைசிவரை யாரும் சொல்லவில்லை.

அவர் கிளம்பிப் போனதும் மேனேஜர் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார். “அக்கா, கெஸ்டுக்கு என்னென்ன திறந்து கெடக்குன்னு பாப்போம்லா.”

இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மூடினோம். அழிக்க முடியாது, சேனல் தொடங்க முடியாது. பழைய விவரங்கள் கேட்பதற்கென்று ஒரே ஒரு சேனலை மட்டும் அவருக்கு விட்டுவைத்தோம். அதைப் போனில் அவரிடம் சொல்ல வேண்டியவள் நான். மனசு கஷ்டமாகத்தான் இருந்தது.

“அந்த ஒண்ணுல எழுதலாமா?” என்றார்.

“எழுதலாம் ஐயா.”

“மத்தவங்க போட்டதெல்லாம்?”

“இனிமே உங்களுக்குத் தெரியாது.”

“நல்லதாப் போச்சும்மா. அதையெல்லாம் படிச்சுப் படிச்சு ராத்திரி தூக்கமே போயிருச்சு” என்றார். அது உண்மையா, எனக்காகச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது. ஆனால் மேனேஜர் அந்தச் சேனலில் தினமும் ஏதாவது கேட்டுக்கொண்டே இருந்தார். வடிகால் எங்கே போகிறது, ஆட்களை வேலை வாங்கும் மண்டோர்களில் யாருக்கு எந்தப் பக்கம் பழக்கம் என்று. எல்லாவற்றுக்கும் பதில் வந்தது.

சில மாதம் கழித்துப் பெரிய கிராணியே விலகிக்கொண்டார். லோபாக்கில் அவர் வீடு இருக்கும் தாமான் குடியிருப்பில் காவல் குழுவுக்குத் தலைவராகிவிட்டாராம். அதற்கும் இதே ஆப் வேண்டும் என்றார். ஒரு சனிக்கிழமை போய் அமைத்துக் கொடுத்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “கெஸ்டுக்கு என்னென்ன தடுக்கலாம்?”

எல்லா அதிகாரமும் உள்ள ‘உரிமையாளர்’ என்று தன்னைப் போட்டுக்கொண்டு, தடுக்க முடிந்ததையெல்லாம் தடுத்துவிட்டு, முதல் கெஸ்டாகத் தன் மனைவியைச் சேர்த்தார்.

திங்கட்கிழமை காலை அந்த அம்மா எனக்குப் போன் செய்தார். “என் பேருக்குப் பக்கத்துல கெஸ்ட்னு போட்டிருக்கும்மா. எழுதவும் விடமாட்டேங்குது. இந்த வீட்டுல யாரு கெஸ்டுன்னு மத்தியானச் சோத்துக்கு உக்காரும்போது அவருக்குத் தெரியும்.”

கொஞ்ச நேரத்தில் பெரிய கிராணியிடமிருந்து செய்தி வந்தது. ‘அம்மாடி, ஒருவரை உரிமையாளர் ஆக்குவது எப்படி? அவசரம்.’