டிஷ்ஷுக்கு எதிரே ஒரு நீலத் தார்ப்பாய்

புனேயின் ஆகுர்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். அதனால் எந்தச் செய்தி வந்தாலும் அம்மா என் முகத்தைத்தான் பார்ப்பார். இந்தி, மராத்தி தெரியாத அவருக்குப் பகலில் துணை தமிழ் டிவிதான்.

போன மழைக்காலத்தில், 'வெளிமாநிலங்களில் டிஷ்ஷில் தமிழ் சேனல்கள் நிற்கப் போகின்றன' என்று எங்கள் தமிழர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. மூன்றாம் நாள் எங்கள் டிவியில் படம் இல்லை.

"அவ்ளோதாம்மா, நிறுத்திட்டாங்க" என்றேன். குழுவிலும் அப்படியே எழுதிவிட்டேன்.

"அப்ப என்னை ஊருக்கு ரயில் ஏத்தி வுட்டுடு. நாளெல்லாம் செவுத்தையா பாத்துக்கினு இருப்பேன்?" என்றார் அம்மா.

இனி டிஷ் எதற்கு என்று, பழைய இரும்பு வாங்குபவரை மொட்டைமாடிக்குக் கூட்டிப் போனேன். அவர் டிஷ்ஷுக்கு எதிரே கைகாட்டிச் சிரித்தார். மழை ஒழுகாமலிருக்க மேல்வீட்டுக்காரர் கம்பு நட்டுக் கட்டிய நீலத் தார்ப்பாய், நனைந்து குறுக்கே நின்றது.

"முதல்ல அதை நகர்த்துங்கண்ணே" என்றார் இந்தியில்.

நகர்த்தியதும் படம் வந்தது.

"இவ்ளோ படிச்சியே, ஒருவாட்டி மேல ஏறிப் பாத்தியாடா?" என்றார் அம்மா.

அதற்குள் குழுவில் நான் எழுதியதை நம்பி ஒரு குடும்பம் டிஷ்ஷையே கழற்றியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை நானே போய் மாட்டிக் கொடுத்தேன்.

இப்போது படம் போனால் முதலில் மாடிக்குத்தான் ஓடுகிறேன். கண்ணால் பார்க்காததைக் குழுவில் எழுதுவதில்லை. டிஷ்ஷில் தமிழ் சேனல்கள் ஒருநாள் நிஜமாகவே நிற்கலாம். அதற்காக அம்மாவுக்குப் போனில் சேனல் பார்க்கக் கற்றுக் கொடுத்திருக்கிறேன். இப்போதெல்லாம் அவர் ரயில் பேச்சே எடுப்பதில்லை.