விரால் பிடிக்கப் போன கொலுசு

என் தங்கையின் இடது கால் கொலுசை எடுத்தவன் நான். பழி என் சித்தப்பாவின் மீது விழுந்தது. விழுந்தால் விழட்டும் என்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன், தலையும் முழுக்க நரைத்துவிட்டது. இனியும் இதை மூடி வைப்பதில் பயனில்லை.

எண்பதுகளின் தொடக்கம். ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், நடக்கப் பழகிக்கொண்டிருந்த தங்கை, அப்பாவின் தம்பியான சித்தப்பா. ஆரணிப் பக்கத்துக் குடும்பம் எங்களுடையது. சித்தப்பா மட்டும் சிறுவயதிலேயே இங்கு வந்து, பருத்திப்பட்டுப் பையன்களோடு விளையாடி, மெட்ராஸ் தமிழில் ஊறிப்போனவர். அவர் "இன்னாண்ணே" என்று ஆரம்பித்தாலே அப்பாவுக்கு முகம் சுருங்கும்.

சித்தப்பா வாலிபால் ஆடுவார். ஸ்மாஷ் அடிக்க அவர் எழும்பினால் வலைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் முகத்தை மூடிக்கொள்வார்கள். அவருடைய ஷூக்களைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் நடப்பேன். அந்தப் பதவிக்கு உரிய மரியாதையை என் வகுப்புப் பையன்களிடம் கேட்டு வாங்கினேன்.

ஆட்டத்துக்காக நகரத்துக்குப் போய்வந்த இடத்தில் அவருக்குப் புதுக் கூட்டாளிகள் கிடைத்தார்கள். அவர்களிடமிருந்து பிரவுன் சுகர் என்ற போதைப்பொடி கிடைத்தது. அந்தப் பெயரை முதலில் கேட்டபோது, ஒரு சர்க்கரைக்கா வீட்டில் இத்தனை சண்டை என்று நினைத்தேன். சிகரெட் பெட்டியின் ஈயத்தாளில் கரிக்கோடு விழுந்த துண்டுகள் அவர் படுக்கையடியில் கிடக்கும். தொழிற்பயிற்சிக்குப் போவதை நிறுத்தினார். பிறகு ஆட்டமும் நின்றது.

பொருள்கள் காணாமல் போயின. பித்தளைக் குடம், அப்பாவின் மழைக்கோட்டு, மேசை விசிறி. இப்படிப்பட்டவர் இருக்கும் வீட்டில் எது தொலைந்தாலும் தேடமாட்டார்கள். அவர் முகத்தைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். இதில் ஒரு வசதி இருப்பதை நான் சீக்கிரமே கண்டுகொண்டேன். என் ஜியாமெட்ரி பெட்டி பள்ளியில் தொலைந்தபோது, "சித்தப்பா" என்று மட்டும் சொன்னேன். அப்பா மறுபேச்சு இல்லாமல் புதிது வாங்கித் தந்தார்.

கோடை விடுமுறையில் பருத்திப்பட்டு ஏரியில் தூண்டில் போடப் போவோம். எங்களில் பெரியவன் ஒருவன், மீன் விஷயத்தில் மட்டும் மேதை. ஒருநாள் அவன், "மண்புழுவுக்குலாம் வெரால் வராது மாமே. பளபளன்னு இன்னாமாச்சும் கட்டிப் போடு, லபக்குனு வந்து கவ்விக்கும்" என்றான்.

எங்கள் வீட்டில் பளபளவென்று இருந்தது தங்கையின் வெள்ளிக் கொலுசுதான். மதியம் தூங்கிக்கொண்டிருந்த அவள் காலிலிருந்து ஒன்றைக் கழற்றினேன். சாயங்காலத்துக்குள் மாட்டிவிடுவதாகத்தான் திட்டம். கொலுசு நல்லபடியாக மின்னியது. தூண்டில் ஒரு சுண்டு சுண்டியது. இழுத்தேன். அறுந்த நூல் மட்டும் கைக்கு வந்தது.

குழந்தைக்குக் கால் கழுவும்போது அம்மா பார்த்துவிட்டார். யாரும் எதையும் தேடவில்லை. எல்லோரும் பின்னறைக்குப் போனோம். அந்த மே மாத வெயிலிலும் சித்தப்பா கம்பளியைப் போர்த்திக்கொண்டு, மூக்கு ஒழுக, நடுங்கிக்கொண்டிருந்தார். அம்மா குழந்தையை அவர் முன்னால் நிறுத்தினார்.

"கொழந்த கால்லேந்தா?" என்று கேட்டார்.

சித்தப்பா அந்த வெறுங்காலை வெகுநேரம் பார்த்தார்.

"எனக்கு ஞாபகமே இல்ல, அண்ணி."

எனக்கு மூச்சு வந்தது. ஞாபகம் இல்லை என்பது, தப்பிக்க நினைப்பவன் சொல்லும் சாக்கு. நானே வீட்டுப்பாடத்துக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அவரும் அப்படித்தான் தப்பிக்கிறார், இருவரும் தப்பித்தோம் என்று நினைத்தேன்.

இன்னொரு கால் கொலுசை அம்மா கழற்றவில்லை. "அவன் கண்ணுல படட்டும்" என்றார். தங்கை வீடு முழுக்க ஒரு காலில் மட்டும் சலங்கைச் சத்தத்தோடு தத்தித்தத்தி நடந்தாள்.

மறுநாள் காலையில் சித்தப்பா தானே அடுப்படிக்கு வந்தார். "அண்ணி, என்ன எங்கியாச்சும் கொண்டுபோய் உடு. எனக்கே என்னக் கண்டா பயமா கீது."

அதற்கு முன்பும் வைத்தியம் நடந்திருந்தது. மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். மொட்டை போட்டார்கள். "ஒரு கால்கட்டு போட்டா சரியாய்டும்" என்று பக்கத்து வீட்டுக்காரர் பெண்கூடப் பார்த்தார். இந்த முறை அம்மா ஒரு டாக்டரிடம் போய்க் கேட்டார். நகரத்தில் இதற்கென்றே ஓர் இடம் இருப்பதாகவும், வீட்டு மனிதர் ஒருவர் தினமும் கூடவந்து வகுப்பில் உட்கார்ந்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள் என்றும் அவர் சொன்னார்.

"ஃபேக்டரி ஷாப்புல தெரிஞ்சா என் மானம் போயிடும்" என்று அப்பா மறுத்துவிட்டார்.

அம்பத்தூரைத் தாண்டித் தனியாகப் போயறியாத அம்மா, தங்கையை இடுப்பிலும் என்னைக் கையிலும் பிடித்துக்கொண்டு மின்சார ரயிலில் ஏறினார். அக்கம்பக்கத்தில் தையல் வகுப்புக்குப் போவதாகச் சொல்லிவைத்தார். இரண்டாம் நாளே ஒருத்தி ஜாக்கெட் துணியோடு வந்து நின்றுவிட்டாள். பாவம், அந்த ஜாக்கெட் கடைசிவரை திரும்பிப் போகவில்லை.

முதலில் சித்தப்பாவைப் பார்க்கவே விடவில்லை. பிறகு ஒருநாள் எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்தார்கள். சிகிச்சைக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தாங்கள் செய்ததைச் சொல்ல வேண்டும், வீட்டார் கேட்க வேண்டும். சித்தப்பா எழுந்தார். பாதி ஆளாக இளைத்திருந்தார்.

"கொடம், கோட்டு, ஃபேனு எல்லாம் நான்தான். எங்க வித்தேன்னுகூட சொல்வேன். ஆனா அந்தக் கொலுசு மட்டும் ஞாபகம் இல்ல. ஒரு கொழந்த காலத் தொட்டது எனக்கே தெரியலன்னா, நாளிக்கு இன்னா பண்ணுவேன்? அதுக்குத்தான் வந்துகீறேன்."

ஒற்றைக் கொலுசோடு தங்கை என் மடியில் இருந்தாள். வகுப்பு நடத்திய அம்மாள் என்னைப் பார்த்து, "நீ ஏதாச்சும் சொல்லணுமா தம்பி?" என்றார். அத்தனை முகங்களும் என் பக்கம் திரும்பின.

"சித்தப்பா மறுபடியும் வாலிபால் ஆடுவாரா?" என்று கேட்டேன்.

எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்தார். என் வாய்ப்பு அத்தோடு போயிற்று.

அவர் மீண்டார். எங்கள் குடும்பத்தில் படித்தவர்கள் உண்டு, வெளிநாடு போனவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் இதற்கு ஈடாக யாரும் எதையும் செய்துவிடவில்லை. இடையில் ஒருமுறை சறுக்கினார். அந்த முறை யாரும் கூட்டிப்போகவில்லை, தானே ரயிலேறி அந்த வாசலில் போய் நின்றார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் தங்கைக்குப் புதிதாக ஒரு ஜோடி கொலுசு வாங்கிவந்தார். தரையில் உட்கார்ந்து தானே மாட்டிவிட்டார். நான் அப்போது பாடப்புத்தகத்தைத் தலைகீழாக வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு திருநின்றவூரிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் பெற்றோர்கள் எங்கள் வீட்டைத் தேடிவர ஆரம்பித்தார்கள். அவர்கள் பிள்ளைகளைச் சித்தப்பா தோளில் கைபோட்டு நகரத்துக்கு அழைத்துப்போவார். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஒரு பள்ளிக்கூட அறையில் கூட்டம் நடத்தினார். ஒவ்வொரு கூட்டத்திலும் அந்தக் கொலுசுக் கதையைச் சொல்வார். எத்தனையோ பேர் அதைக் கேட்டு அழுதிருக்கிறார்கள். நான் மட்டும் வெளியே சைக்கிள்களைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி நழுவிவிடுவேன். அவர் எழுந்து நிற்பதே அந்தக் கதையின் மேல்தான், அதை உருவினால் அவரும் விழுந்துவிடுவார் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அந்தக் காரணத்தில் பாதி உண்மை, மீதி கோழைத்தனம்.

தொண்ணூறுகளின் கடைசியில், நானே சம்பளம் வாங்கத் தொடங்கிய பின்பு, தங்கையின் கல்யாணம் நிச்சயமானது. சித்தப்பா வெள்ளிக் கொலுசு எடுக்கப் போவதாகச் சொன்னார். இனி தாங்காது என்று தோன்றியது. பருத்திப்பட்டு ஏரிக்கரையில் ஊர்ப் பையன்களுக்கு வாலிபால் சொல்லிக்கொடுத்துவிட்டு வரும்போது அவரை நிறுத்தினேன்.

"சித்தப்பா, அந்தக் கொலுச எடுத்தது நான். மீன் புடிக்க."

"இன்னா நைனா சொல்ற?"

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ நான் கொழந்த காலத் தொடலியா?"

"இல்ல சித்தப்பா."

"மெய்யாலுமே?"

"மெய்யாலுமே."

பளாரென்று ஓர் அறை விட்டார். ஸ்மாஷ் அடிக்கும் கை. காதில் ரீங்காரம் அடங்கும்வரை இருவரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

"வெரால் மாட்டிச்சா?"

"இல்ல."

"தண்டம்" என்றார். பிறகு எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, "மொதல்ல அண்ணியாண்ட சொல்லு" என்றார்.

சொன்னேன். அம்மா என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு நேராகச் சித்தப்பாவிடம் போனார். "கண்ணுல படட்டும்னு அந்த ஒத்தக் கொலுச உட்டுவெச்சவ நாந்தானேப்பா" என்றார்.

"அது பட்டதாலதான் அண்ணி இன்னிக்கு நின்னுகினு கீறேன்" என்றார் சித்தப்பா.

அடுத்த ஞாயிறு என்னைக் கூட்டத்துக்குள் உட்காரச் சொன்னார். கதையை வழக்கம்போலத் தொடங்கினார், வழக்கம்போல அந்த வெறுங்கால் வரை வந்தார். அங்கே நிறுத்தினார். "அந்தக் கொலுச நான் எடுக்கலபா. போன வாரம்தான் தெரிஞ்சிது. ஆனா நான்தான் எடுத்துருப்பேன்னு நானே நம்பினேன் பாரு, அந்த நெலமைல கீறவன் யாரும் வெட்கப்படாம எங்கூட வாங்க" என்றார். அவர் விழவில்லை. முன்பைவிட நிமிர்ந்து நின்றார்.

புதிதாக வந்திருந்த ஒருவன், "அப்போ யார் எடுத்தது அண்ணாத்தே?" என்று கேட்டான்.

சித்தப்பா என் பக்கம் திரும்பவே இல்லை.

"மீனு" என்றார்.

அறை முழுக்கச் சிரிப்பு. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அறுந்த நூலோடு ஏரிக்கரையில் நின்ற அந்தப் பையனுக்கு, தண்ணீரில் போனது ஒரு கொலுசு என்று மட்டும்தான் தெரிந்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஒருவர் கரையேறுவார் என்று தெரிந்திருக்கவில்லை.