கெண்டை மீனுக்காக விட்ட மௌனம்

கிராஸ்னோவ் பிரபுவின் மாளிகையில் வாத்தியக்காரர்கள் பத்துப் பேர். பத்துப் பேருக்கும் வேறு வேலையும் உண்டு. பெரிய வயலின்காரன் ரொட்டி சுட்டான். குழல் ஊதுகிறவன் குதிரைகளுக்கு வைத்தியம் பார்த்தான். அவன் ஊதினால் குதிரைகளுக்குச் சீக்கு தீரும், கேட்கிற மனிதர்களுக்குத் தொற்றிக்கொள்ளும் என்று ஊரில் பேச்சு. அதில் பாதிதான் பொய். கொம்பு ஊதிய அண்ணன் தம்பி மாத்தூஷும் ஹவெலும் சாப்பாட்டு மேசையில் பரிமாறினார்கள். இந்தப் பத்துப் பேருக்கும் தலைவர் டோபியாஸ் குபானெக். சிம்பொனி எழுதுவது, சொல்லிக்கொடுப்பது, அறுந்த தந்திக்கு முடிச்சுப் போடுவது எல்லாம் அவர் பொறுப்பு. காலையில் பிரபுவின் பொய்முடிக்கு மாவு தூவுவதும் அவர்தான். தூவிவிட்டு வெளியே வந்தால் அவர் புருவத்தில் ஒட்டிய மாவிலேயே இரண்டு உருண்டை பிடிக்கலாம்.

டோபியாஸ் பிறந்தது மாளிகைக்குக் கீழே இருக்கும் கிராமத்தில்தான். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆர்கன் வாசிப்பார். அந்த மண்ணில் பிறந்தவர்கள் மண்ணோடு சேர்த்துப் பிரபுவின் சொத்து. மரம், மாடு, மனுஷன் என்கிற வரிசை. பையனுக்குக் குரல் நன்றாக இருந்ததால் பாதிரிமார் கூட்டிப்போய் வயலினும் லத்தீனும் கற்றுக்கொடுத்தார்கள். பத்தொன்பது வயதில் பிரபு ஆளனுப்பித் திரும்ப அழைத்துக்கொண்டார். கடன் கொடுத்த ஏணியைத் திரும்ப வாங்குவதுபோல. மாளிகை வேலைக்காரர்களுக்கான மஞ்சள் கோட்டு, பச்சைக் காலுறை, ஓர் ஒப்பந்தம். எழுதுவதெல்லாம் பிரபுவுக்கே சொந்தம், ஒரு தாள்கூட வெளியே போகக்கூடாது என்பது அதில் முதல் விதி. பிரபு கையெழுத்திட்ட விடுப்புக் கடிதம் இல்லாமல் எல்லையைத் தாண்டக்கூடாது என்பது இரண்டாவது.

இருபத்துமூன்று வருஷத்தில் அறுபத்தொரு சிம்பொனி எழுதினார். பிரபுவின் வேட்டைநாய் ஆறு குட்டி போட்டபோது ஆறு பாகத்தில் ஒரு நடன இசையும் எழுதினார். குட்டிகளில் ஒன்று செத்துப்போக, ஐந்தாகக் குறைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. குறைத்தார்.

சிம்பொனி எல்லாம் ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு. சூப்புக்கு வேகமான பாகம், மீனுக்கு மெதுவான பாகம், இறைச்சிக்கு நடனம். மீன் வரும்போது ஒரு சிக்கல். கெண்டை மீன் தட்டைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். அந்த இரண்டு ஆளும் கொம்பும் கையுமாக உட்கார்ந்திருப்பார்கள். ஆகவே மெதுவான பாகத்தின் நடுவில் முப்பத்திரண்டு தாளக்கட்டுக்குக் கொம்புகளுக்கு ஓய்வு எழுதிவிடுவார் டோபியாஸ். கொம்பு ஒரு கேள்வி கேட்கிற மாதிரி எழும்பும், பாதியில் நின்றுபோகும். வயலின்கள் மட்டும் தனியாகத் திகைத்துக்கொண்டு நடக்கும். அதற்குள் அண்ணனும் தம்பியும் சமையற்கட்டுக்குப் போய், மீனைக் கொண்டுவந்து வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து மிச்சத்தை ஊதுவார்கள்.

முதல் விதியை டோபியாஸ் ஒரே ஒருமுறை மீறினார். மூன்று வருஷத்துக்கு முன் மாளிகையில் நாலு நாள் தங்கிய ஒரு வழிப்போக்கு வயலின்காரன் ஆறு சிம்பொனியைப் பிரதி எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டான். பதிலுக்கு ஒரு பை காப்பிக்கொட்டை நீட்டினான். காப்பியைவிட, தன் எழுத்தை ஒருத்தன் கேட்டு வாங்குகிறானே என்பதில்தான் டோபியாஸ் விழுந்தார். காப்பி ஒரு மாதத்தில் தீர்ந்தது. பயம் தீரவில்லை.

இந்த நிலையில்தான் பிர்னோ நகரத் தேவாலயத்தில் இசைத் தலைவர் இடம் காலியானது. தங்களிடம் வருவதற்குச் சம்மதமா என்று கடிதம் வந்தது. சொந்த வீடு, கறுப்புக் கோட்டு, பொய்முடி வேலை கிடையாது. போய்ப் பிரபுவிடம் விடுப்புக் கடிதம் கேட்டார்.

"போறியா? போயேன்" என்றார் பிரபு, பூனையைத் தடவிக்கொண்டு. "உன்னை மாதிரி எழுத நாலு பேர் கிடைக்காமலா போயிடுவாங்க? நீ ஒண்ணும் ரைன்டல் இல்லையே."

ரைன்டல் என்பவர் அப்போது வியன்னாவில் கொடிகட்டிப் பறந்த இசைமேதை. அவர் தும்மினால்கூட அச்சுப்போட்டு விற்றார்கள். இருபத்துமூன்று வருஷ உழைப்புக்கு இப்படி ஒரு மதிப்பா என்று டோபியாஸுக்குச் சுருக்கென்றது. அதே நொடி, கழுத்துச் சுருக்கு தளர்ந்த மாதிரியும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குப் பிறகு விடுப்புக் கடிதத்தில் கையெழுத்து என்று பேச்சு. அவர் மனைவி லுட்மிலா கோழிகளைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டாள். தட்டுமுட்டுச் சாமான்களை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்கிவிட்டாள். திங்கள்கிழமைக்கு வண்டியும் பேசியாயிற்று.

ஞாயிறு காலையில் பிரபுவின் மைத்துனர் பாரீஸிலிருந்து வந்து இறங்கினார். கையில் தோல் அட்டை போட்ட ஒரு கட்டு.

"மச்சான், பாரீஸே இதைத்தான் பாடிக்கிட்டிருக்கு. ரைன்டலோட ஆறு புது சிம்பொனி. மை காயறதுக்குள்ள வாங்கிட்டு வந்தேன்."

"இன்னிக்கே வாசிக்கச் சொல்லிடலாம்" என்றார் பிரபு. "ஏம்ப்பா குபானெக், போறதுக்கு முன்னாடி நல்ல சங்கீதம்னா என்னன்னு கேட்டுட்டுப் போ."

டோபியாஸ் முதல் தாளைப் பிரித்தார். மேலே வழவழவென்ற எழுத்தில் ரைன்டல் பெயர். கீழே டோபியாஸ் எழுதிய சிம்பொனி, காப்பிக்கொட்டைக்காரன் பிரதி எடுத்துப்போனது. ஐந்து வரி ஓடும்வரை நம்பவில்லை. ஆறாவது வரியில், ஒருமுறை அவசரத்தில் போட்ட தப்பு ஸ்வரம்கூட அப்படியே அச்சாகி இருந்தது. பெற்ற பிள்ளையை யாரோ பட்டுச்சட்டை போட்டுக் கூட்டிவந்து, 'இது எங்கள் பிள்ளை' என்று காட்டினால் எப்படி இருக்கும்? கையைக் கட்டிக்கொண்டு வணக்கம் சொல்ல வேண்டியதுதான். என்னுடையது என்று சொன்னால் விதியை மீறிய குற்றம், கோபுரச் சிறை, கடிதமும் போச்சு. சொல்லாவிட்டால் நாளை வண்டி.

தாளைப் பங்கிட்டுக் கொடுத்தார். முதல் வரியைப் பார்த்ததும் ரொட்டிக்காரன் வாயைத் திறந்தான்.

"வாத்தியாரே, இது நம்ம..."

"ரைன்டல் எழுதினது" என்றார் டோபியாஸ். "மேல போட்டிருக்கில்ல? வாசி."

"ரைன்டலுக்கு நம்ம வீட்டுச் சமையல்கட்டு எப்படித் தெரியும்?" என்று ஹவெல் முணுமுணுத்தான்.

"நாளைக்கு நான் வண்டி ஏறணும்டா. வாயை மூடிக்கிட்டுக் கொம்பை மட்டும் ஊது."

பத்துத் தலை ஆடியது. பாவம், நல்ல பிள்ளைகள்தான். வாயை மூடச் சொன்னார், மூடினார்கள். கால்களைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

மெதுவான பாகம் வந்தது. கொம்புகள் கேள்வி கேட்டு நிறுத்தின. மாத்தூஷும் ஹவெலும் பழக்கதோஷத்தில் கொம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, குனிந்த தலை நிமிராமல் நடந்து போனார்கள். டோபியாஸின் முதுகு வழியாக வியர்வை இறங்கிப் பச்சைக் காலுறைவரை போனது. மீன் வந்தது, கறுப்புக் குழம்பில் ஆவி பறக்க. இருவரும் உட்கார்ந்து சரியான இடத்தில் ஊதினார்கள். பிரபு மூக்கை உறிஞ்சி, "சூடா இருக்கு" என்றார். அவ்வளவுதான். அவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் மீன் அந்த நேரத்தில் வரும், சூரியன் கிழக்கே வருகிற மாதிரி.

சாப்பாடு முடிந்தது. மைத்துனர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த மௌனம் இருக்கே, மச்சான். கொம்பு பாதியில நின்னு சரியா முப்பத்திரண்டு தாளக்கட்டு ஊமையாயிடுதே, அந்த இடத்துல பாரீஸ்ல பொம்பளைங்க அழறாங்க. ஒருத்தி மயங்கியே விழுந்துட்டா. ரைன்டலோட குழந்தை செத்துப்போன அன்னிக்கு எழுதினாராம். கொம்புதான் குழந்தையோட குரல். அது நின்னதுக்கப்புறம் வயலின் மட்டும் வீடு வீடாத் தேடி அலையுது."

"கேட்டியா குபானெக்?" என்றார் பிரபு. "உள்ளேர்ந்து எழுதறான். நீ மணியைப் பாத்து எழுதறே. தப்பா நினைச்சுக்காதே, நீ நல்ல உழைப்பாளி. ஆனா உன் சங்கீதத்துல சாப்பாட்டு வாசனைதான் வரும்."

"ஆமாம் எஜமான்" என்றார் டோபியாஸ்.

கணக்குப்பிள்ளை கடிதத்தை நீட்டினார். பிரபு பேனாவை மையில் தோய்த்தார். பேனா தாளுக்கு மேலே வந்து நின்றது.

"ஒண்ணு சொல்லிட்டுப் போ. வித்தை தெரிஞ்சவன் நீ. எதுக்குச் சரியா முப்பத்திரண்டு? இருபதுல நிறுத்தியிருந்தா அழுகை வராதா?"

துக்கத்துக்கு எஜமான் என்று சொல்லியிருக்கலாம். மேதைகள் மனசு யாருக்குத் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். பல்லைக் காட்டிவிட்டுச் சும்மா நின்றிருந்தால்கூடப் போதும். பெயர் போனதைப் பொறுத்தார், உழைப்பாளி என்ற பட்டத்தைப் பொறுத்தார். ஆனால் இருபதா முப்பத்திரண்டா என்று தொழிலில் ஒருத்தர் கேள்வி கேட்டுவிட்டார். அந்தக் கேள்விக்குச் சரியான பதில் உலகத்திலேயே அவர் ஒருத்தருக்குத்தான் தெரியும்.

"இருபதுன்னா மீன் வாசப்படிலயே நிக்கும்" என்றார்.

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதில் விழுந்தது.

பிரபு மெதுவாகத் தட்டைப் பார்த்தார். முள் மட்டும் கிடந்தது. பிறகு மாத்தூஷைப் பார்த்தார்.

"இதை நீ முன்னாடி வாசிச்சிருக்கியா?"

மாத்தூஷுக்குப் பொய் வராது; வந்தால் காது சிவக்கும். "எனக்கு மீன் கொண்டாரத்தான் தெரியும் எஜமான்."

"எப்போ கொண்டாரணும்னு யார் சொன்னா?"

மாத்தூஷ் டோபியாஸைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், காது இரண்டும் செம்பருத்தியாகிவிட்டன. "நாலு வருஷத்துக்கு முந்தி உங்க பெயர்த் திருநாள் விருந்துல வாசிச்சோம் எஜமான். நீங்க தூங்கிட்டீங்க."

பிரபு சிரித்த சிரிப்பில் பூனை மேசையிலிருந்து குதித்து ஓடியது. மைத்துனர் முகத்தில் ஈயாடவில்லை. அந்தச் செத்த குழந்தையின் கதையை எத்தனை வீட்டில் சொல்லி அழவைத்தாரோ.

"மச்சான், உன் பாரீஸ் மொத்தமும் என் கெண்டை மீனுக்கு அழுதிருக்கு."

"எஜமான், தப்பு என்னோடது" என்று டோபியாஸ் மண்டியிட்டார். "பிரதி எடுக்க விட்டது நான்தான். கோபுரத்துல அடைச்சிடுங்க. ஒரு மாசம், ரெண்டு மாசம், எத்தனை மாசமானாலும். தண்டனை முடிஞ்சதும் அந்தக் கடிதத்தை மட்டும்..."

"எழுந்திரு. உன்னை அடைக்க நான் என்ன கொடுமைக்காரனா?" பிரபு பேனாவைத் துடைத்து வைத்தார். கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "காலையில வரைக்கும் நீ சாதாரண ஆளு, போகச் சொன்னேன். இப்ப ரைன்டலோட பேருக்கே நீதான் சோறு போடறேன்னு தெரிஞ்சப்புறம் எந்த முட்டாள் உன்னை விடுவான்?"

"பாரீஸுக்கு எழுதி உண்மையைச் சொல்லிடறேன்" என்றார் மைத்துனர், கொஞ்சம் வெட்கப்பட்டு. "இவர் பேரை அச்சுல மாத்தலாம்."

டோபியாஸ் நிமிர்ந்தார். அந்த ஒரு மூச்சு நேரம், கடிதம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றுகூட அவருக்குத் தோன்றியது.

"மூச்சு விடாதே" என்றார் பிரபு, மைத்துனரிடம். "பேர் தெரிஞ்சா நாளைக்கே நாலு ராஜா ஆளனுப்புவான். ரைன்டல் பேர்லயே இருக்கட்டும். நமக்குத் தெரிஞ்சா போதும், இல்லையா குபானெக்?"

வீட்டுக்கு வந்தபோது லுட்மிலா கடைசிப் பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்துச் சுத்தியலைக் கீழே வைத்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார், ஒளிக்காமல்.

"உங்க சிம்பொனியை ஒருத்தன் தன் பேர்ல அச்சுப்போட்டிருக்கான், அதுக்கு வாய் திறக்கலை" என்றாள் அவள். "ஒரு மீனுக்குத் திறந்தீங்களா?"

"கேட்டாங்க லுட்மிலா. தப்பா சொல்ல முடியலை."

"எங்கிட்ட மட்டும் எத்தனை தடவை தப்பாச் சொல்லியிருக்கீங்க, வாய் கூசாம?"

அவள் ஆணியைப் பிடுங்க ஆரம்பித்தாள். ஒரு தட்டை வைக்கோலிலிருந்து எடுத்து, பாவாடை நுனியால் துடைத்து, காலையில் காலியாக்கிய அதே அலமாரியில் வைத்தாள். இரண்டாவது தட்டு. மூன்றாவது.

"எந்த இடத்துலங்க அழறாங்களாம்?"

அவர் முணுமுணுத்துக் காட்டினார். முப்பத்திரண்டையும். அவள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் தட்டை அடுக்கிவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றாள். "அந்தப் பெரிய பெட்டியை நீங்க பிரிங்க. எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு."

கதவு தட்டும் சத்தம். மாளிகைத் தையற்காரன் கிழவன் பார்டோஸ், கையில் அளவு நாடா. பிரபு உத்தரவாம்: வாத்தியாருக்குப் புது மஞ்சள் கோட்டு, இந்தத் தடவை வெள்ளிச் சரிகை வைத்து.

"யோகம்தான் வாத்தியாரே. கையைத் தூக்குங்க." அவன் நெஞ்சைச் சுற்றி நாடாவை இறுக்கினான், தளர்த்தினான், சுண்ணாம்புக்கட்டியால் பலகையில் குறித்தான். "தையல்ல உள்ளுக்குள்ள நாலு விரல் துணி விடச் சொல்லியிருக்கார். வயசானா வயிறு போடும், அப்போ பிரிச்சுக்கலாம். இருபது வருஷம் உழைக்கணுமாம்."

"விடுங்க" என்றார் டோபியாஸ், இரண்டு கையையும் தூக்கியபடி.