மறைந்தவர் அனுப்பிய திருத்தங்கள்

அரவணைமேல் கண்வளரும் பெருமானின் திருவடியும், துளசி நிழலில் தோன்றிய பிராட்டியின் திருவடியும் துணை நிற்க. இன்று தை மாத வளர்பிறை ஏகாதசி, ரோகிணி கூடிய நன்னாள். சென்ற மார்கழியில் அடியேனுக்கு நேர்ந்ததை இன்று எழுதத் துணிகிறேன்.

இராஜபாளையத்துக் கல்லூரி ஒன்றில் கணினிக்கூடத்தைக் கவனித்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் பாசுர கோஷ்டி கைபேசியில் பார்த்துச் சேவிப்பதற்காக ஒரு தளம் அமைத்தேன். பாடம் பார்த்துத் திருத்துபவர் மம்சாபுரத்து நண்பர். பள்ளியில் தமிழ் நடத்தியவர். அசை பிசகினால் தூங்கமாட்டார். அவர் ஒரு திருத்தத்தை ஏற்றிய மறுகணம், வெப்ஹுக் என்னும் தானியங்கு அழைப்பு சர்வருக்குப் போகும். சர்வர் தளம் முழுவதையும் கன்டெய்னர் இமேஜ் என்னும் ஒரே பொதியாகக் கட்டி, பழையதை இறக்கிவிட்டுப் புதியதை ஏற்றும். மனிதக் கை படவேண்டியதில்லை. அந்த ஏற்பாட்டைச் செய்தவன் நானே.

ஆடியில் நண்பர் நோயில் படுத்தார். புரட்டாசியில் திருநாடு எய்தினார்.

மறுநாள் சூரியன் எழும் நேரத்தில் என் கைபேசி அதிர்ந்தது. இமேஜ் கட்டத் தொடங்கியது என்ற அறிவிப்பு. தொடங்கியவர் என்ற இடத்தில் அவர் பெயர்.

காரணம் அன்றே தெரிந்தது. படுக்கையில் கிடந்தபடியே நாளுக்கு ஒன்றாகத் திருத்தங்களை எழுதி அடுக்கி, தாம் எழுதாத நாள் தொடங்கி உதயத்தில் ஒன்று போகுமாறு தம் லேப்டாப்பில் வைத்திருந்தார். அவருடைய அனுமதிச் சாவியை அன்றே நான் நீக்கியிருக்க வேண்டும். எங்கள் கோஷ்டியில் ஒருவர் பரமபதித்தால் அவர் நின்ற இடத்தை ஓராண்டு யாருக்கும் கொடுப்பதில்லை. சாவியையும் அவ்வாறே விட்டுவைத்தேன். அது பிழை.

முதல் மாதம் ஒவ்வொரு திருத்தமும் முத்து. ஐப்பசி கடைசியில் சீர்கள் இடம்பெயர்ந்தன. கார்த்திகையில் எந்தப் பாசுரத்துக்கும் உரியதல்லாத அடிகள் நடுவே வந்து அமர்ந்தன. திருத்தத்தோடு அவர் எழுதும் குறிப்பில் ஒருநாள், “எழுத்து நகர்கிறது, பிடிக்க முடியவில்லை” என்றிருந்தது. நோயில் அவர் அறிவு கலங்கிய வரிசையிலேயே, இறந்த பின் தினம் ஒரு படியாக, ஊரறிய அது கலங்கிக்கொண்டிருந்தது.

கோஷ்டியில் தாளம் போடும் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் முதலில் பிழையைப் பிடித்தார். “அண்ணாச்சி, இது எந்த ஊருப் பாசுரம்? கூமாப்பட்டி ஆழ்வார் பாடுனதா?” கோஷ்டி சிரித்தது. எழுபது வயது வரை ஓர் எழுத்துப் பிழை காணாத புலவர் பெயர் அந்தச் சிரிப்பில் அழுந்துவதைக் கேட்டேன்.

அன்று மதியமே பஸ் ஏறி மம்சாபுரம் போனேன். நண்பரின் மனைவி கூடத்தில் லேப்டாப் முன் அமர்ந்திருந்தார்.

“நிப்பாட்ட வந்திருக்கீகளா அண்ணாச்சி?”

“ஆமாம்மா. தப்பு வருது. எல்லாரும் சிரிக்காக.”

“தப்புதான். எனக்கும் தெரியும். விடியக்கால இந்த லைட்டு மினுங்கும். அவிய எந்திரிச்சிட்டாகன்னு காப்பி போடப் போயிருவேன்.” லேப்டாப் விளிம்பை முந்தானையால் துடைத்தார். “அவிய பேரு கெடக் கூடாது. இதையும் நிப்பாட்டிராதிய.”

இரண்டுக்கும் வழி உண்டு. நண்பருடைய சாவியில் வருவதெல்லாம், கோஷ்டியின் பாடத்தைத் தொடாத ஒரு தனிக் கிளைக்குப் போகச் செய்தேன்; அக்கிளைக்கு இரண்டாவது வெப்ஹுக் ஒன்றை அமைத்தேன். அது கட்டும் இமேஜ் அந்த அம்மையாரின் கைபேசியில் மட்டும் திறக்கும். கோஷ்டிக்குப் பிழையற்ற பழைய பாடம்.

“நீங்களும் பாக்கக் கூடாது, அண்ணாச்சி.”

வாக்குக் கொடுத்தேன். அறிவிப்பையும் அணைத்தேன். மார்கழி பிறக்கும் வரை நான் பார்த்ததில்லை. பெருமாள் அறிவார்.

மார்கழி முதல் நாள் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலில் சேவித்தோம். கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. முன்வரிசை அடி எடுக்க, பின்வரிசை வாங்கிச் சொல்வது எங்கள் முறை. என் முறை வந்தது. கைபேசியில் சரியான அடி தெரிந்தது. கண்ணால் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். வாயிலிருந்து வந்தது வேறு:

“நீருள் விளக்கெரிய நின்றார் முகமில்லார்.”

பின்வரிசை தயங்கவில்லை. முப்பது குரல்கள் அதை வாங்கிச் சொல்லின. தூண்களுக்கிடையே அது ஒருமுறை சுற்றி அடங்கியது. ஒருவரும் சிரிக்கவில்லை.

சாற்றுமுறை ஆகிச் சேவை முடிந்ததும் கண்டக்டர் அருகில் வந்தார். குரல் தாழ்ந்திருந்தது.

“தாளம் சுத்தமா விழுந்துச்சு அண்ணாச்சி. யாரு பாட்டு அது?”

“என் தப்பு. வாய் குழறிருச்சு.”

“அந்தப் புலவரோட பழைய பிழை இல்லையே?”

“அவருக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. அவர் பாடத்தில் பிழையே கிடையாது.”

பொங்கல் பிரசாதத்தைக் கொடுத்துவிட்டுப் போகலாமென்று மம்சாபுரத்தில் இறங்கினேன். வெயில் ஏறியிருந்தது. அந்த அம்மையார் வாசலிலேயே நின்று கைபேசியை நீட்டினார்.

“வாக்கு கெடக்கட்டும். இன்னிக்கு மட்டும் பாருங்க. பாட்டெல்லாம் போயிருச்சு. ஒத்த வரிதான் நிக்குது.”

பார்த்தேன். புரட்டாசியில், கண்மூடுவதற்கு முன் அவர் எழுதிவைத்தது. அன்று உதயத்தில், நான் அதைச் சொல்லி முடித்த பின் கட்டப்பட்டது. நான் சொன்னதிலிருந்து ஒரு சீரும் மாறவில்லை.

“யாருட்டயும் சொல்லலையே அண்ணாச்சி?”

“இதே வரி இன்னிக்குக் கோயில்ல என் வாயிலயும் வந்துச்சு. என் தப்புன்னு சொல்லிட்டேம்மா. அது என் பேருலேயே இருக்கட்டும்.”

இதைப் படிப்போர் அனைவரின் நாவும் கடைசி மூச்சுவரை தம் வசம் இருப்பதாக. பிரிந்தோர் நற்பெயர் அவர்கள் இல்லத்தில் நிலைப்பதாக. தாயார் திருவருள் வாசல்தோறும் நிறைவதாக.