உப்புப் பார்த்த நாக்கு

காஞ்சிபுரத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடுபவர் என் கணவர். ஒருநாள் மகாபலிபுரத்திலிருந்து தகர டின்னில் கடல் தண்ணீரோடு இரண்டு வரிபோட்ட மீன்களைக் கொண்டுவந்தார். வீட்டில் கண்ணாடித் தொட்டி தயாராக இருந்தது. முன்பே நிரப்பிய கடல் தண்ணீர், வெயிலில் வற்றி உப்பேறியிருந்தது.

"சீக்கிரம் கொட்டுங்க, சோறு ஆறிக்கினு இருக்குது" என்றேன்.

"நூலையே நனைச்சிட்டுத்தான் சாயத்துல போடுவோம். இது உசுருமா" என்றார்.

தொட்டித் தண்ணீரை டம்ளர் டம்ளராக டின்னில் ஊற்றினார். ஒவ்வொரு தடவையும் இரண்டு தண்ணீரையும் நாக்கில் வைத்துப் பார்த்தார். சாயங்காலம், இரண்டும் ஒரே உப்பு என்று தெரிந்த பிறகே மீன்களைத் தொட்டியில் விட்டார். அவை சுகமாக நீந்தின.

பிறகு சாப்பிட உட்கார்ந்தார். ஒரு வாய் ரசம் சோறு உள்ளே போனதும், "உப்பே இல்லியேமா" என்றார்.

தொட்டியிலிருந்து ஒரு கரண்டி மொண்டுவந்து அவர் தட்டில் ஊற்றினேன்.